பி செல்லுக்கு சிஆர்2 எதற்கு? காம்ப்ளிமென்ட் இல்லாமல் ஆன்டிபாடி சரியாக வராதா?

மைக்ரோ_மாணவி
எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த வியாழக்கிழமை எனக்கு செமினார். காம்ப்ளிமென்ட் என்பது இரத்தத்தில் இருக்கும் ஒரு பாதுகாப்புப் புரதத் தொகுதி. ஆன்டிபாடி செய்யும் பி செல்லின் மேல் இருக்கும் காம்ப்ளிமென்ட் ஏற்பிகள் (சிஆர்2 அவற்றில் ஒன்று) ஆன்டிபாடி உற்பத்திக்கு எப்படி உதவுகின்றன என்பதுதான் தலைப்பு. புத்தகத்தில் "சிஆர்2 பி செல்லின் தூண்டல் வரம்பைக் குறைக்கிறது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு 40 நிமிடம் எப்படிப் பேசுவது?

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. நாங்கள் படித்தது என்னவென்றால், முதலில் ஆன்டிபாடி போய்க் கிருமியில் ஒட்டும், அப்புறம்தான் காம்ப்ளிமென்ட் வரும், வந்து ஓட்டை போடும். அப்படியானால் பின்னால் வருகிற ஒன்று, முன்னால் வரவேண்டிய ஆன்டிபாடியை உருவாக்க எப்படி உதவ முடியும்? வகுப்பில் கேட்டேன், "அது அட்வான்ஸ்டு" என்று சொல்லிவிட்டார்கள். தெரிந்தவர்கள் அடிப்படையிலிருந்தே சொல்லுங்கள், ப்ளீஸ்.

பழைய_ஆய்வகம்
நல்ல கேள்வி அம்மா. இந்தக் குழப்பம் உனக்கு மட்டும் வந்தது இல்லை, இந்தத் துறையே பல பத்தாண்டுகள் அதே குழப்பத்தில் இருந்தது. காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1890களில் ஜூல் போர்டே, ஆன்டிபாடி உள்ள சீரத்தை 56 டிகிரியில் சூடாக்கினால் பாக்டீரியாவைக் கரைக்கும் சக்தி போய்விடுகிறது, சூடாக்காத சாதாரண சீரத்தைக் கொஞ்சம் சேர்த்தால் திரும்ப வந்துவிடுகிறது என்று காட்டினார். பால் எர்லிக் அதற்கு வைத்த பெயர்தான் காம்ப்ளிமென்ட், அதாவது ஆன்டிபாடியின் வேலையை நிறைவு செய்வது. பெயரிலேயே அது பின்னால் வரும் துணையாள் என்கிற எண்ணம் உட்கார்ந்துவிட்டது.

அந்த எண்ணத்தை அசைத்த இரண்டு விஷயங்களை செமினாரில் கட்டாயம் சொல். 1970இல் விக்டர் நுசென்ஸ்வைக் குழு, லிம்போசைட் என்ற வெள்ளையணுக்களில் ஒரு பகுதி, ஆன்டிஜனும் (ஆன்டிபாடி ஒட்டும் அந்நியப் பொருள்) ஆன்டிபாடியும் காம்ப்ளிமென்டும் சேர்ந்த கூட்டைப் பிடித்துக்கொள்கிறது என்று கண்டது. அந்தச் செல்கள்தான் பி செல்கள். கொல்வதற்கு மட்டும் காம்ப்ளிமென்ட் என்றால், கொல்லும் வேலையே இல்லாத பி செல்லுக்கு அதைப் பிடிக்கும் கை எதற்கு? இரண்டாவது, மார்க் பெப்பிஸ் 1970களின் தொடக்கத்தில் செய்த எலிச் சோதனை. நாகப்பாம்பு விஷத்தில் ஒரு புரதம் இருக்கிறது. அது காம்ப்ளிமென்டின் மையப் புரதமான நம் சி3 மாதிரியே நடித்து, அடக்க ஆளில்லாத ஒரு நொதியைக் கட்டிவிடும். அந்த நொதி இரத்தத்தில் உள்ள சி3 முழுவதையும் வெட்டித் தீர்த்துவிடும். இப்படி சி3யைக் காலி செய்த எலிக்கு ஆன்டிஜன் ஊசி போட்டார். டி செல் உதவி தேவைப்படும் ஆன்டிஜன்களுக்கு ஆன்டிபாடி வெகுவாகக் குறைந்துவிட்டது. கிருமி இல்லை, கொல்லுதல் இல்லை, வெறும் ஆன்டிஜன்தான். ஆக, சி3 இல்லையென்றால் ஆன்டிபாடி உருவாகும் கட்டத்திலேயே ஏதோ தடைபடுகிறது. அந்தக் காலத்தில் இதைப் பலர் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். அதை ஏற்றுக்கொள்ள இன்னும் 20 வருடம் ஆனது.

மைக்ரோ_மாணவி
ஐயா, மிக்க நன்றி. பாம்பு விஷச் சோதனை எங்கள் பாடத்தில் இல்லவே இல்லை. ஆனால் முதலில் கோழியா முட்டையா என்பது இன்னும் தீரவில்லையே? ஆன்டிபாடி இல்லாமல் சி3 எப்படி ஆன்டிஜன் மேல் போய் உட்காரும்?

வைகறை
நான் பி செல் சிக்னலிங்கில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு இப்போது வெளிநாட்டில் போஸ்ட்டாக் செய்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோழி முட்டைக்கு விடை, சி3 ஆன்டிபாடிக்காகக் காத்திருப்பதே இல்லை. மாற்றுவழி என்று ஒன்று இருக்கிறது, அதில் சி3 எந்நேரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே செயலுக்கு வந்துகொண்டே இருக்கும், நம் செல்களின் மேல் இருக்கிற தடுப்புப் புரதங்கள் அதை அணைத்துவிடும், கிருமியின் மேல் அந்தத் தடுப்பு இல்லாததால் அங்கே பற்றிக்கொள்ளும். லெக்டின் வழி கிருமியின் மேலுள்ள சர்க்கரையைத் தடவிப் பார்த்தே தொடங்கிவிடும். போதாததற்கு, தடுப்பூசி எதுவும் போடாத, தொற்று எதுவும் வராத உடம்பிலும் இயற்கை ஐஜிஎம் என்று கொஞ்சம் ஆன்டிபாடி எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே புதிதாக ஒரு கிருமி உள்ளே வந்தால், அதற்கென்று செய்த ஆன்டிபாடி வர ஒரு வாரம் ஆகலாம், சி3 சில நிமிடங்களிலேயே மேலே உட்கார்ந்துவிடும்.

உட்காருவது என்றால் சும்மா ஒட்டுவது இல்லை, இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வேகமாகக் கடந்துபோய்விடுகிறார்கள். சி3யின் உள்ளே தையோஎஸ்டர் என்று ஒரு பிணைப்பு மடித்து ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. சி3 வெட்டுப்பட்டு சி3பி ஆகும் நொடியில் அது வெளியே வந்து, பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் ஹைட்ராக்சில் அல்லது அமினோ தொகுதியோடு வேதிப்பிணைப்பு போட்டுவிடும். சந்தைக்குப் போகும் மாட்டுக்கு மஞ்சள் தடவினால் மழையில் கரைந்துவிடும், சூடு போட்டால் ஆயுசுக்கும் போகாது. இது சூடு போடுவது மாதிரி. அப்புறம் ஃபேக்டர் ஐ என்ற நொதி வந்து சி3பியை நறுக்கும். முதலில் ஐசி3பி, அடுத்து சி3டிஜி, கடைசியில் வேறு நொதிகள் நறுக்கி சி3டி. எவ்வளவு நறுக்கினாலும் ஆன்டிஜனோடு பிணைந்த துண்டு மட்டும் அப்படியே நிற்கும். சிஆர்2, அதாவது சிடி21, பிடிப்பது இந்த மிச்சத் துண்டுகளைத்தான். கொல்லும் வேலைக்கு இனி உதவாத துண்டு, பி செல்லுக்கு மட்டும் செய்தியாக நிற்கிறது.

சரி, பி செல் பக்கம் போவோம். சிஆர்2வின் வால் செல்லுக்குள் மிகச் சின்னது, தனியாகப் பெரிதாக எதுவும் சொல்லாது. ஆனால் அது சிடி19, சிடி81 இரண்டோடும் சேர்ந்து ஒரே கூட்டாக இருக்கும். சிடி19இன் வால் நீளமானது, லின், வேவ், பிஐ3 கைனேஸ் என்ற சிக்னல் கடத்தும் புரதங்கள் எல்லாவற்றையும் கூப்பிட்டு உட்காரவைக்கும். இப்போது ஒரு ஆன்டிஜனை நினைத்துக்கொள்ளுங்கள், அதன் ஒரு பக்கத்தை பி செல்லின் சொந்த ஏற்பி பிடிக்கிறது, அதே ஆன்டிஜனில் சூடு போட்டிருக்கும் சி3டியை சிஆர்2 பிடிக்கிறது. இரண்டு ஏற்பிகளும் ஒரே இடத்துக்கு இழுக்கப்படுகின்றன, சிடி19 பக்கத்திலேயே வந்து நிற்கிறது, சிக்னல் பல மடங்காகிறது. உங்கள் புத்தகம் ஒரு வரியில் சொன்னது இதைத்தான்.

எவ்வளவு மடங்கு என்பதற்கு 1996இல் சயன்ஸ் இதழில் வந்த டெம்ப்சி, குட்நவ், ஃபியரன் குழுவின் கட்டுரையைக் காட்டுங்கள். கோழிமுட்டை லைசோசைமோடு சி3டியை மரபுப் பொறியியலில் ஒட்டினார்கள். இரண்டு சி3டி இருந்தால் வெறும் லைசோசைமைவிட 1,000 மடங்கு, மூன்று இருந்தால் 10,000 மடங்கு குறைந்த அளவே போதுமானதாக இருந்தது. இந்த எண்ணை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

யாழ்_ஆய்வுகூடம்
வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளராக இருக்கிறேன். நாங்கள் உயர்தரத்தில் இம்யூனிட்டியை நிர்ப்பீடனம், ஆன்டிபாடியைப் பிறபொருளெதிரி என்றுதான் படித்தோம், ஆதலால் உங்கள் ஆன்டிபாடிக்குப் பழக எனக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும்.

தங்கச்சி, காம்ப்ளிமென்ட் எவ்வளவு நொய்ந்த பொருள் என்று கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் உங்கள் கல்லூரியில் சிஎச்50 என்ற காம்ப்ளிமென்ட் சோதனையை ஒருமுறை செய்து பாருங்கோ. செம்மறியாட்டுச் சிவப்பணுவை நன்றாகக் கழுவி, அதற்கு எதிரான பிறபொருளெதிரியை மேலே பூசி, நோயாளியின் சீரத்தைப் படிப்படியாக ஐதாக்கிச் சேர்த்து 37 பாகையில் வைக்க வேண்டும். பிறகு சுழற்றி எடுத்தால், முதல் குழாய்களில் தெளிந்த மாதுளம்சாறு நிறம், அடியில் ஒன்றும் இராது. போகப்போக நிறம் வெளிறி, கடைசிக் குழாய்களில் தண்ணீர் போல மேலே, அடியில் சிவப்புப் பொத்தான் ஒன்று. எந்த ஐதாக்கத்தில் பாதிக் கலங்கள் உடைந்தன என்பதுதான் விடை. சீரத்தைப் பிரித்து உடனே உறையவிடாமல் மேசையில் மறந்து வைத்துவிட்டால் மத்தியானத்துக்குள் எண் இறங்கிவிடும். ஒருமுறை ஒரு மாதிரியில் காம்ப்ளிமென்ட் பூச்சியம் என்று வந்து, வைத்தியருக்கு அறிவிக்கப் போகும் முன் விசாரித்தால், கொண்டுவந்தவர் அதை வெயிலில் வாகனத்தில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போயிருக்கிறார். திரும்ப எடுத்துச் செய்தோம், சாதாரண அளவு. அன்றிலிருந்து பூச்சியம் வந்தால் முதலில் மாதிரி எப்படி வந்தது என்றுதான் கேட்பேன்.

ஒரு சந்தேகம் எனக்கும் உண்டு. வைகறை சொன்ன சி3டி சோதனையில் சி3டியைச் செயற்கையாக ஒட்டியிருக்கிறார்கள். உடம்பில் இயல்பாக நடப்பதும் அதுதான் என்று எப்படிச் சொல்வது?

ஏன்_எப்படி
யாழ் நண்பர் சரியான இடத்தைத் தொட்டார். நான் இங்கே வைகறையோடு கொஞ்சம் மாறுபடுகிறேன், மன்னிக்கவும். "சிஆர்2 பி செல்லின் வரம்பைக் குறைக்கிறது, அவ்வளவுதான்" என்கிற படம் பாதிப் படம். மீதிப் பாதி பி செல்லிலேயே இல்லை.

பி செல்கள் பெருகித் தேறும் முளை மையத்தில், அதாவது ஜெர்மினல் சென்டரில், ஃபாலிக்குலர் டென்ட்ரிட்டிக் செல் என்று ஒன்று இருக்கிறது, சுருக்கமாக எஃப்டிசி. சிஆர்2வும், சிஆர்1 என்ற இன்னொரு காம்ப்ளிமென்ட் ஏற்பியும் அதன் மேல் ஏராளம். அதன் நீண்ட கிளைகளில், கொடியில் துணி காயப்போட்ட மாதிரி, சி3 துண்டு ஒட்டிய ஆன்டிஜன் கூடுகள் வாரக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும். தன் ஏற்பியை மாற்றி மாற்றிச் சோதித்துப் பார்க்கும் பி செல் ஒவ்வொன்றும் அங்கே வந்துதான் ஆன்டிஜனைப் பறித்துப் போகவேண்டும். நன்றாகப் பிடிப்பது பிழைக்கும், பிடிக்காதது சாகும். சிஆர்2 இல்லாத எலிக்கு ஆன்டிபாடி குறைகிறது என்றால் காரணம் பி செல்லின் சிஆர்2வா, எஃப்டிசியின் சிஆர்2வா? இதைப் பிரித்துக் காட்டாமல் வரம்பு வரம்பு என்றால் எப்படி?

பிரிக்க முடியும் என்பதுதான் அழகு. எஃப்டிசி எலும்பு மஜ்ஜையிலிருந்து வருவதில்லை, கதிர்வீச்சில் சாவதும் இல்லை. ஆக, சிஆர்2 இல்லாத எலிக்குக் கதிர்வீச்சு கொடுத்து சாதாரண எலியின் மஜ்ஜையை ஏற்றினால், பி செல்லில் சிஆர்2 இருக்கும், எஃப்டிசியில் இருக்காது. திருப்பிச் செய்தால் திருப்பிக் கிடைக்கும். 1998இல் ஃபாங் குழு இப்படிச் செய்து, எஃப்டிசியில் இந்த ஏற்பிகள் இல்லையென்றால் வலுவான ஆன்டிபாடி பதில் வருவதில்லை என்று காட்டியது.

வைகறை
மறுக்கவில்லை, அதை நான் சொல்லாமல் விட்டது தவறுதான். ஆனால் மைக்கேல் கேரல் குழு 1996இலும் 1998இலும் செய்த எலிச் சோதனைகளையும் சேர்த்துச் சொல்லவேண்டும். எஃப்டிசியில் ஏற்பி இருந்தும் பி செல்லில் இல்லையென்றால், அந்த பி செல்கள் முளை மையத்தில் நிலைத்துப் பிழைக்கத் திணறின. ஆக இரண்டும் வேண்டும். ஆன்டிஜன் எது, எவ்வளவு என்பதைப் பொறுத்து எந்தப் பக்கம் கனம் என்பது மாறும்.

மூன்றாவதாக ஒரு வேலையும் இருக்கிறது. நிணநீர்க் கணுவின் விளிம்பில் நிற்கும் மேக்ரோஃபேஜ்கள் ஆன்டிஜன் கூட்டைப் பிடித்து உள்பக்கம் நீட்டும். அதைச் சிஆர்2வால் வாங்கிக்கொண்டு போவது யார் தெரியுமா? அந்த ஆன்டிஜனுக்குச் சம்பந்தமே இல்லாத பி செல்கள். தனக்கு உபயோகமில்லாத ஒன்றை முதுகில் சுமந்து, ஃபாலிக்கிளுக்குள், அதாவது பி செல்கள் கூடும் பகுதிக்குள் போய் எஃப்டிசியிடம் ஒப்படைத்துவிட்டுத் தன் வழியே போய்விடும். 2007இல் ஒரு குழு உயிருள்ள நிணநீர்க் கணுவில் இரட்டை ஃபோட்டான் நுண்ணோக்கியால் இதைப் படமாகவே எடுத்தது. ஆக சிஆர்2 ஒரே மூலக்கூறுதான், செய்யும் வேலை மூன்று: சிக்னலைக் கூட்டுவது, சுமந்து போவது, தொங்கவிட்டுக் காப்பது. மாணவி, உங்கள் 40 நிமிடம் இந்த மூன்றிலேயே போய்விடும்.

ஏன்_எப்படி
நன்றாகச் சொன்னீர்கள். இன்னும் இரண்டு எச்சரிக்கை மட்டும் சேர்த்துவிடுகிறேன், தேர்வாளர் கேட்பார். ஒன்று, ஆன்டிஜன் அளவு அதிகமாக இருந்தாலோ தடுப்பூசியின் வீரியத்தைக் கூட்டும் வலுவான துணைப்பொருள் (அட்ஜுவன்ட்) சேர்த்தாலோ காம்ப்ளிமென்ட் தேவை வெகுவாகக் குறைந்துவிடும். குறைந்த அளவில்தான் இதன் அருமை தெரியும், இயற்கையில் தொற்று தொடங்குவதும் குறைந்த அளவில்தானே. இரண்டு, இயற்கை ஐஜிஎம்தான் போய் ஒட்டி, காம்ப்ளிமென்டைத் தூண்டி, ஆன்டிபாடி உற்பத்தியைத் தொடங்கிவைக்கிறது என்று பல விமர்சனக் கட்டுரைகளில் எழுதியிருக்கும். ஸ்வீடனின் உப்சாலாவில் பிர்கிட்டா ஹேய்மன் குழு, காம்ப்ளிமென்டைத் தூண்டவே முடியாதபடி ஐஜிஎம் மாற்றப்பட்ட எலிகளை உருவாக்கி 2011இல் சோதித்தது. அந்த எலிகளிலும் ஆன்டிபாடி சாதாரணமாகத்தான் வந்தது. ஆகவே காம்ப்ளிமென்ட் தேவை என்பது உறுதி, முதல் தீக்குச்சியை உரசுவது ஐஜிஎம் என்பது உறுதி இல்லை. இந்த வித்தியாசத்தை நீங்கள் மேடையில் சொன்னால் படித்தவர்களுக்குப் புரியும்.

கோவை_தமிழ்ச்செல்வி_அக்கா
நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். நான் அறிவியல் படித்தவள் இல்லை. எனக்கு லூபஸ் (உடம்பின் எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்) இருக்கிறது, ஒன்பது வருடம் ஆகிறது. ஒவ்வொரு முறையும் சி3, சி4 டெஸ்ட் எடுப்பார்கள். போன மாதம் சி3 ரொம்பக் குறைவு என்று வந்தது. நீங்கள் எழுதியதைப் படித்ததும் மனது பதறிவிட்டது. சி3 இல்லையென்றால் ஆன்டிபாடி வராது என்றால், எனக்குப் போட்ட நிமோனியா தடுப்பூசி வேலை செய்யாதா? ரிசல்ட் வாங்கப் போனபோது இதைக் கேட்டேன், "அதெல்லாம் உங்களுக்கு எதற்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குப் பேருந்தில் வரும்போதெல்லாம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

குழந்தை_மருத்துவம்
அக்கா, பயப்பட வேண்டாம், பொறுமையாகச் சொல்கிறேன். கேட்டது நியாயமான கேள்வி, அதற்குப் பதில் கிடைத்திருக்க வேண்டும்.

இவர்கள் பேசுவது சி3 அறவே இல்லாத எலிகளைப் பற்றி. உங்கள் கல்லீரல் சி3யைச் செய்துகொண்டுதான் இருக்கிறது, நோய் கிளர்ந்திருக்கும்போது ஆன்டிபாடிக் கூடுகள் அதை அதிகமாகச் செலவழிப்பதால் அளவு இறங்கித் தெரிகிறது. அதனால்தான் மருத்துவர்கள் நோயின் வேகத்தைப் பார்க்க அதை அளக்கிறார்கள். தடுப்பூசிக்கு உடம்பு எவ்வளவு பதில் கொடுக்கும் என்பதை லூபஸில் பெரும்பாலும் தீர்மானிப்பது மருந்துகள்தான், குறிப்பாக ரிட்டுக்சிமாப், மைக்கோஃபினோலேட், அதிக அளவு ஸ்டீராய்டு. பதில் கொஞ்சம் குறைவாக வந்தாலும் பெரும்பாலும் ஓரளவு பாதுகாப்பு கிடைக்கும், அதனால்தான் உங்களைப் போன்றவர்களுக்கு நிமோனியா தடுப்பூசியைக் கட்டாயம் சொல்கிறோம். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த முறை போகும்போது "எனக்கு எந்த நிமோனியா தடுப்பூசி போட்டீர்கள், அடுத்தது எப்போது" என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். பதில் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

மாணவிக்கு: உன் தலைப்பு குழந்தைகள் வார்டில் எங்கே வருகிறது என்று சொல்கிறேன். நிமோனியா வரவழைக்கும் கிருமியான நியூமோகாக்கஸின் உறை வெறும் சர்க்கரைச் சங்கிலி. டி செல் உதவி கிடைக்காது, பி செல் தனியாகவே சமாளிக்க வேண்டும். அந்த வேலையை அதிகம் செய்வது மண்ணீரலின் விளிம்புப் பகுதி பி செல்கள், அவற்றின் மேல் சிஆர்2 மிக அதிகம். சர்க்கரை உறையில் சி3டி ஏறியிருந்தால் அந்தச் செல்கள் விழித்துக்கொள்ளும். ஆனால் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மண்ணீரலில் இந்தப் பகுதி முதிர்ந்திருக்காது, அங்கே சிஆர்2வும் குறைவு. குழந்தைகள் வெறும் சர்க்கரைத் தடுப்பூசிக்குச் சரியாகப் பதில் கொடுக்காததற்கு இது ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. அதனால்தான் 23 வகை கொண்ட பழைய தடுப்பூசியை இரண்டு வயதுக்குள் போடுவதில்லை. சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்த கான்ஜுகேட் தடுப்பூசி டி செல் உதவியைக் கூட்டி வந்து இந்தக் குறையைத் தாண்டுகிறது. மூளைக்காய்ச்சல் வரவழைக்கும் ஹிப் கிருமிக்கான கான்ஜுகேட் அடங்கிய பென்டாவேலன்ட் தடுப்பூசி, இந்தியாவில் முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் 2011 டிசம்பரில் வந்தது. நியூமோகாக்கஸ் கான்ஜுகேட் 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி 2021இல் நாடு முழுவதும் வந்தது. ஹிப் மூளைக்காய்ச்சலில் பிழைத்தும் காது கேட்காமல் போன குழந்தைகளை நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது பார்த்திருக்கிறேன். இப்போது வார்டில் அந்தப் பெயரைக் கேட்பதே அபூர்வம்.

கோவை_தமிழ்ச்செல்வி_அக்கா
ரொம்ப நன்றி டாக்டர். எழுதி வைத்துக்கொண்டேன். இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவேன்.

மைக்ரோ_மாணவி
அக்கா கேட்டதிலிருந்து எனக்கும் ஒன்று. காம்ப்ளிமென்ட் ஆன்டிபாடியைக் கூட்டுகிறது என்றால், காம்ப்ளிமென்ட் இல்லாதவர்களுக்கு லூபஸ் வரவே கூடாதே? ஆனால் சி1கியூ என்ற காம்ப்ளிமென்ட் புரதத்தில் குறைபாடு இருந்தால் லூபஸ் வரும் என்று படித்தேனே?

பழைய_ஆய்வகம்
வரும் அம்மா, பிறவியிலேயே சி1கியூ இல்லாதவர்களில் பெரும்பாலானோருக்கு வருகிறது, சி4 அறவே இல்லாதவர்களுக்கும் அப்படித்தான். செத்த செல்களின் குப்பையைத் தினமும் அள்ளுவதும் காம்ப்ளிமென்டின் வேலை. அள்ளாவிட்டால் நம் சொந்த டிஎன்ஏவும் கருப் புரதங்களும் கிடந்து பி செல்களின் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். இன்னொரு கோணமும் உண்டு. லூபஸ் போன்ற நோய்க்கு ஆளாகும் ஒரு எலி இனத்தில் சி4ஐயோ சிஆர்1, சிஆர்2வையோ நீக்கியபோது தன் உடம்புக்கு எதிரான ஆன்டிபாடி கூடத்தான் செய்தது, 1998இல் வந்த வேலை. அந்நியனை அடையாளம் காட்டுகிற அதே ஏற்பி, சொந்தத்தைச் சொந்தம் என்று பி செல்லுக்குப் பழக்குவதிலும் பங்கெடுக்கிறது என்று அந்தக் குழு வாதிட்டது. இன்னும் முழுதாக முடிவாகாத இடம், செமினாரில் அப்படியே சொல்.

ஏன்_எப்படி
எல்லோரும் எலி எலி என்கிறோம், மனிதனுக்கு வருவோம். எலியில் சிஆர்1, சிஆர்2 இரண்டும் ஒரே மரபணுவிலிருந்து வெட்டி ஒட்டும் முறையில் வருகின்றன. அதனால்தான் கட்டுரைகளில் இரண்டையும் சேர்த்து சாய்கோடு போட்டு எழுதுவார்கள், ஒன்றை நீக்கினால் இரண்டும் போகும். மனிதனில் முதல் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தனி மரபணுக்கள். எலியின் படத்தை அப்படியே மனிதனுக்கு மாட்டி ஸ்லைடு போடாதீர்கள், நானே ஒரு காலத்தில் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மனிதக் குறைபாடுகள் கிடைத்திருப்பதும் பெரிய பாடம். சிடி19 இல்லாத குடும்பங்கள் 2006இல், சிடி81 இல்லாத ஒரு சிறுமி 2010இல், சிஆர்2வே இல்லாத ஒருவர் 2012இல். சிடி19 இல்லாதவர்களுக்கு ஐஜிஜி என்ற வகை ஆன்டிபாடி குறைவு, வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குக்கூட ஆன்டிபாடி சரியாக எழவில்லை, திரும்பத் திரும்பத் தொற்று. சிஆர்2 இல்லாதவருக்கும் ஐஜிஜி குறைவுதான், ஆனால் புரதத் தடுப்பூசிக்கு நன்றாகவே பதில் வந்தது, நியூமோகாக்கஸ் சர்க்கரைக்கு மட்டும் ஓரளவு குறைவு. டாக்டர் மேலே சொன்ன மண்ணீரல் விளிம்போடு இது அப்படியே பொருந்துகிறது, பாருங்கள். சிடி19இன் வேலை சிஆர்2 இல்லாமலும் ஓரளவு நடக்கும் என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

யாழ்_ஆய்வுகூடம்
எப்ஸ்டீன் பார் வைரஸ் பி கலத்துக்குள் நுழைவதும் இந்தச் சிஆர்2வைப் பிடித்துத்தானே? ஜிபி350 என்ற புரதத்தால் சி3டி உட்காரும் இடத்திலேயே போய்ப் பிடிக்கிறது என்று படித்த ஞாபகம்.

வைகறை
ஆமாம், 1984இலேயே காட்டிவிட்டார்கள். சி3டியும் ஜிபி350யும் சிஆர்2வின் நுனியில் இருக்கும் முதல் இரண்டு மடிப்புகளைத்தான் பிடிக்கின்றன. வாசலை மூட முடியாது, அதுதான் வைரஸின் சாமர்த்தியம்.

மனித சிஆர்1 பற்றியும் ஒரு வார்த்தை. அது சிஆர்2வின் தம்பி என்று நினைத்துவிடாதீர்கள். புடாபெஸ்டில் அன்னா எர்டெய் குழு 2002இல் மனித பி செல்லில் சிஆர்1ஐத் தூண்டிப் பார்த்தது, செல்லின் பெருக்கம் அடங்கியது. ஒரே சி3, முதலில் சி3பியாக இருக்கும்போது சிஆர்1 வழியாகப் பிரேக், நறுக்கப்பட்டு சி3டி ஆனபிறகு சிஆர்2 வழியாக ஆக்சிலரேட்டர் என்று சிலர் விளக்குகிறார்கள். எனக்கு இந்த விளக்கம் பிடிக்கும், ஆனால் உடம்புக்குள் நேர அளவில் அப்படித்தான் நடக்கிறது என்று காட்ட இன்னும் வேலை பாக்கி.

மைக்ரோ_மாணவி
கடைசியாக ஒன்று. 10,000 மடங்கு என்றால் ஏன் எல்லாத் தடுப்பூசியிலும் சி3டியை ஒட்டவில்லை? 1996க்கு அப்புறம் இவ்வளவு வருடம் ஆகிவிட்டதே?

வைகறை
நானும் இதே கேள்வியோடுதான் ஆராய்ச்சிக்கு வந்தேன். பலர் முயன்றார்கள், பல கிருமிகளின் புரதங்களோடு ஒட்டிப் பார்த்தார்கள். சிலதில் ஆன்டிபாடி கூடியது, சிலதில் ஒன்றும் ஆகவில்லை, சிலதில் குறையக்கூடச் செய்தது.  அதைவிட, 2004இல் ஒரு குழு சிஆர்2வே இல்லாத எலியிலும் சி3டி ஒட்டிய ஆன்டிஜன் நன்றாக வேலை செய்வதைக் காட்டியது. அப்படியானால் சி3டி சிஆர்2 வழியாக மட்டும் பேசவில்லை. மருந்தாக்கப் போகும்போது எந்த வழியில் வேலை செய்கிறது என்று தெரியாமல் போனால் அளவை எப்படி நிர்ணயிப்பது?

மைக்ரோ_மாணவி
(ஒன்பது நாள் கழித்து)
செமினார் முடிந்தது! பாம்பு விஷத்தில் தொடங்கினேன், கடைசி பெஞ்சு வரை நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சூடு போட்ட மாட்டைப் பலகையில் வரைந்தேன். கொடியில் காயும் துணியையும் வரைந்தேன், எஃப்டிசி யாருக்கும் மறக்காது. எங்கள் துறைத்தலைவர், நான் எதிர்பார்த்த ஐஜிஎம் கேள்வியையே கேட்டார், உப்சாலா எலிகளைச் சொன்னதும் "அந்தக் கட்டுரையைக் கொண்டு வந்து கொடு" என்று வாங்கிக்கொண்டார். சம்பந்தமில்லாத ஆன்டிஜனைச் சுமந்து போகும் பி செல்லைப் பற்றிச் சொன்னபோது என் தோழி, "எஃப்டிசியிடம் கொடுத்ததும் அதைச் சிஆர்2விலிருந்து எப்படிக் கழற்றும்? இரண்டு பக்கமும் ஒரே ஏற்பிதானே?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வைகறை அண்ணா, இருக்கிறீர்களா?

வைகறை
இருக்கிறேன். உங்கள் தோழி கேட்டது எங்கள் ஆய்வகத்தில் கேட்கிற கேள்வி. எஃப்டிசியில் ஏற்பி எண்ணிக்கை மிக அதிகம், ஆகவே கூடு பல கைகளால் ஒரே நேரத்தில் பிடிக்கப்பட்டு அந்தப் பக்கம் சாய்கிறது என்பது பொதுவாகச் சொல்லும் விளக்கம். எஃப்டிசி கூட்டை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு மறுபடி மேலே காட்டுகிறது என்று 2013இல் கேரல் குழு காட்டியிருப்பதையும் சேர்த்துப் பாருங்கள், ஒருமுறை உள்ளே போனது பி செல்லுக்குத் திரும்ப எளிதில் கிடைக்காது. நாளை இரவு கட்டுரைகளைத் தேடி எடுத்து இங்கேயே தனியாக ஒரு இழை தொடங்குகிறேன், தோழியையும் கூட்டி வாருங்கள்.

யாழ்_ஆய்வுகூடம்
நானும் வருவேன்.